டீசல் வண்டியின் கரும்புகையும் கமக்காரரின் கைப்பொருளும்

(கொடிகாமத்தில் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உரமிடுவது பற்றியும், பீடைகளை ஒழிப்பது பற்றியும் எமது துண்டுப் பிரசுரங்களில் அடிக்கடி வாசித்திருப்பீர்கள். இன்று நான் பேச விரும்புவது பயிரைப் பற்றியன்று. விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் டீசல் வண்டியைப் பற்றியதாகும். பட்டா, சிங்கிள் கெப், டபுள் கெப் எனப் பலவகை வண்டிகள் இன்று தென்மராட்சியின் ஒழுங்கைகளில் ஓடுகின்றன. நெல் மூடையும் தேங்காயும் கத்தரியும் பயிற்றங்காயும் இவற்றிலேயே ஏறுகின்றன. வயலிலும் தோட்டத்திலும் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குப் பார்க்கும் கமக்காரர், வண்டியின் பின்னால் கருமையாகப் போகும் புகைக்கு மாத்திரம் கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்கை முதலிற் பார்ப்போம். கொடிகாமத்திலிருந்து ஏ9 வீதியால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்வர ஏறக்குறைய 450 கிலோமீற்றர் ஆகும். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு இப்பயணத்துக்கு 50 லீற்றர் டீசல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொழும்பு விலைப்படி, ஓட்டோ டீசல் ஒரு லீற்றர் 121 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் அது 460 ரூபாவாயிற்று. ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே சுமை. செலவோ 6,050 ரூபாவிலிருந்து 23,000 ரூபாவுக்கு உயர்ந்தது. இந்த வேறுபாடு முழுவதையும் வாங்குபவரின் தலையில் ஏற்றிவிட இயலாது. அதிற் பெரும்பங்கு விளைவித்தவரின் கையிலிருந்தே போகும். வண்டி வாடகைக்கு அமர்த்தப்பட்டதாயினும் நிலைமை அதுவே. வாடகைக்காரர் எரித்த டீசல் அவருடைய கூலியினுள் அடங்கியே உங்களிடம் வருகின்றது. அவ்வாண்டு யூலையில் கியூஆர் குறியீட்டின்படி வாரப் பங்கீடு வந்தபோதுதான், தம் வண்டி லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகின்றது என்று நம்மிற் பலர் முதன்முதலாகக் கேட்கத் தொடங்கினர்.

மேற்கூறிய வண்டி 9 கிலோமீற்றருக்குப் பதிலாக 10 கிலோமீற்றர் ஓடுமாயின் 45 லீற்றர் போதும். ஒரு பயணத்தில் 5 லீற்றர் மிச்சம். இது மாயவித்தையால் வருவதன்று. புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதுமில்லை. பராமரிப்பின்றி ஓடிய வண்டி பெரும்பாலானவற்றில் இவ்வளவு மிச்சம் பிடிக்கலாம். அதற்குக் கரும்புகை ஏன் வருகின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உள்ளே இழுக்கப்பட்ட காற்று பல மடங்கு அமுக்கப்பட்டுப் பெருஞ்சூடு அடைகின்றது. அந்தச் சூட்டினுள் டீசல் பனித்துளியினும் மெல்லிய துளிகளாகச் சீறப்படுகின்றது. சீறிய உடனே தானாகவே பற்றிக்கொள்கின்றது. ஒரு லீற்றர் டீசல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லீற்றர் காற்று வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த ஒரு லீற்றரை மாத்திரமே; பத்தாயிரம் லீற்றர் இலவசமாகக் கிடைக்கின்றது. இலவசமாகக் கிடைப்பதைத் தடுத்து வைத்துவிட்டு, காசு கொடுத்ததை எரிக்காமல் வெளியே விடுவதே கரும்புகையாகும்.

வீட்டு லாம்பை எண்ணிப் பாருங்கள். திரியை அளவுக்கு மேல் உயர்த்தினால் சுடர் நீண்டு சிமினி கறுக்கும், வெளிச்சம் கூடாது. காற்று உட்புகும் துளைகளில் தூசி அடைத்தாலும் அதேபோலக் கறுக்கும். திரி பிசிறிக் கோணலாக இருந்தாலும் கறுக்கும். டீசல் எஞ்சினுக்கும் காரணங்கள் இவையே: எண்ணெய் மிகுதல், காற்றுக் குறைதல், எண்ணெய் சரியாகச் சிதறாமை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகைக்கரியின் எடை, எரித்த டீசலின் எடையோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. கரியை நிறுத்திவிட்டால் அதே அளவு டீசல் மிச்சமாகும் என்று எண்ணுவது தவறு. கரும்புகை ஓர் அறிகுறி. மஞ்சளாகிய நெல்லிலையைக் கண்டு வேரையும் நீரையும் ஆராய்வதுபோல, கரும்புகையைக் கண்டால் எஞ்சினின் மூச்சையும் உணவையும் ஆராய வேண்டும். நட்டம் அங்கேதான் நிகழ்கின்றது.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு, காற்றுக்கு எண்ணெய் மிகுந்ததைக் காட்டும். நீலம், எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். இதற்குக் காற்று வடிகட்டியை மாற்றிப் பயனில்லை, வளையங்களையோ வால்வுகளையோ டர்போவையோ பார்க்க வேண்டும். காலையில் முதலிற் கிளப்பும்போது சிறிது வெண்புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நீடித்தால், சீறும் நேரம் பிந்தியிருக்கலாம், அமுக்கம் குறைந்திருக்கலாம், அல்லது றேடியேற்றர் நீர் உள்ளே கசியலாம்.

இனிக் காற்று வடிகட்டிக்கு வருவோம். எயர் பில்ரர் என்று நீங்கள் சொல்வது இதுவே. நம் பகுதியில் இதைப் போல் அலட்சியம் செய்யப்படும் உறுப்பு வேறொன்றில்லை. மழை நின்று நிலம் உலர்ந்த பின், சோளகக் காற்று வீசத் தொடங்கும் காலத்தில், தென்மராட்சியின் மணல் ஒழுங்கைகளிலும் வலிகாமத்தின் செம்மண் தெருக்களிலும் எழும் தூசியை நீங்களே அறிவீர்கள். முன்னே போகும் வண்டி கிளப்பும் தூசி முழுவதும் பின்னே வரும் வண்டியின் மூச்சுக்குழாய்க்குள் போகின்றது. வண்டியுடன் வரும் கைந்நூலில் இத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை வடிகட்டியை மாற்றுக என்று எழுதியிருப்பது தார் வீதிக்குரிய கணக்கு. மணல் ஒழுங்கையில் ஓடும் வண்டிக்கு அதிற் பாதிக் காலத்திலேயே மாற்ற வேண்டி நேரலாம். ஆதலால் வறட்சிக் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

கடதாசி வடிகட்டியாயின், வெளியே எடுத்து மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். காற்றுக் குழாய் கொண்டு ஊதுவதாயின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, மெதுவான காற்றில் ஊத வேண்டும். வெளியிலிருந்து வேகமாக ஊதினால் தூசி கடதாசிக்குள் இன்னும் ஆழமாகப் புதையும். கடதாசி கிழியவும் கூடும். கிழிந்த வடிகட்டி அடைத்த வடிகட்டியினும் தீயது. அடைத்தது டீசலைத்தான் வீணாக்கும். கிழிந்தது மணலை உள்ளே விட்டு எஞ்சினையே அரித்துவிடும். கடதாசியை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவுதல் கூடாது. பழைய உழவு யந்திரங்களிலும் சில இருசில்லு உழவு யந்திரங்களிலும் ஒயில் கிண்ணத்தோடு கூடிய வடிகட்டி உண்டு. அதன் கம்பி வலையை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு வடியவிட்டு, கிண்ணத்தில் அடையாளக் கோடு வரை மாத்திரம் புதிய ஒயில் ஊற்றிப் பூட்டுக. கோட்டுக்கு மேலே ஊற்றினால் காற்றுடன் ஒயிலும் உள்ளே இழுபடும்.

டர்போ பொருத்திய வண்டியாயின் வடிகட்டியுடன் வேலை முடியவில்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர்க் குழாய்களின் பொருத்துகளைக் கையால் தடவிப் பாருங்கள். ஒயிலும் கரியும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால், அல்லது ஏற்றத்தில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்டால், அமுக்கிய காற்று அங்கே வீணாகின்றது என்பது பொருள். ஒரு கிளிப்பை இறுக்குவதாலேயே தீர்ந்துவிடும் குறையாக அது இருக்கலாம்.

அடுத்தது எண்ணெயின் பக்கம். பம்பிலுள்ள திருகாணியைத் திருப்பி எண்ணெயைக் கூட்டினால் வண்டி இழுவை கொடுக்கும் என்பது கராஜ்களில் வழங்கும் நம்பிக்கை. லாம்பின் திரியை உயர்த்துவது இதுவே. காற்று கூடாதிருக்க எண்ணெயை மாத்திரம் கூட்டினால், சிறிது இழுவை கூடும், நிறையப் புகை கூடும், எஞ்சினின் சூடும் கூடும். வருடாந்த வாகன வருமான அனுமதிப் பத்திரத்துக்குரிய புகைப் பரிசோதனை நாளில் திருகாணியைக் குறைத்து, பத்திரம் கிடைத்த பின்னர் மீண்டும் கூட்டுவோரும் உளர். பரிசோதனையில் தேறிய அதே நிலையில் வண்டியை விட்டுவைத்தால், ஆண்டு முழுவதும் மிச்சம் பிடிப்பவர் அவரே அல்லவா? பம்பையும் சீறுமுனைகளையும் அதற்குரிய அளவுக் கருவி உள்ள இடத்தில் மாத்திரம் காட்டுங்கள். நல்ல சீறுமுனை புகார் போலச் சிதறும். தேய்ந்தது குழாயால் ஒழுகுவதுபோல் ஒழுகும். ஒழுகிய எண்ணெய் எரிவதற்கு முன்னரே பிஸ்ரனில் படிந்து கரியாகின்றது.

சீறுமுனை கெடுவதற்கு முதற் காரணம் நீர். மாரிகாலத்தில் அரைகுறையாக நிரப்பிய பீப்பாவிலும் கலனிலும் உட்புறம் வியர்த்து நீர் சேரும். டீசல் வடிகட்டியின் அடியில் சிறு திருகாணி உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அதைத் தளர்த்தி ஒரு போத்தலில் சிறிது இறக்கிப் பாருங்கள். நீர் அடியில் தனியாக நிற்கும். தெளிந்த டீசல் வரும்வரை விட்டு மூடுக. 2022இன் தட்டுப்பாட்டில் தோட்டக் கொட்டில்களில் சேமித்து வைத்த டீசலை ஆராயாமல் ஊற்றுதல் நன்றன்று.

மண்ணெண்ணெய் கலப்பது பற்றிக் கேட்பீர்கள். 1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைசெய்யப்பட்ட பின், யாழ்ப்பாணத்து மக்கள் செய்தவை உலகம் வியக்கத்தக்கவை. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் பீச்சிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் நீரிறைக்கும் யந்திரமும் ஓட்டினர். மண்ணெண்ணெயுடன் சமையல் எண்ணெய் கலந்து வாகனம் ஓட்டினர். அந்த எண்ணெய்க் கலப்பில் அறிவு இருந்தது. டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே வழுவழுப்பைத் தருகின்றது. மண்ணெண்ணெயில் அது போதாது. தாவர எண்ணெய் அக்குறையை ஓரளவு தீர்த்தது. தாவர எண்ணெய் டீசல் எஞ்சினுக்கு அந்நியமும் அன்று. 1900ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில், அதாவது நம் கச்சான் எண்ணெயில், ஓடிக் காட்டியது. ஆயினும் தடித்த எண்ணெய் மெல்லிதாகச் சிதறாது. சீறுமுனையின் வாயில் கரி கட்டும். அக்காலத்து வாகனங்களின் புகையையும் மணத்தையும் மறந்தவர் இங்கு அதிகம் இரார்.

அது வேறு வழியற்ற காலம். இன்றைய கொமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட காற்றமுக்கத்தில் சீறப்படுகின்றது. அதன் பம்பு கலப்பெண்ணெயைத் தாங்காது. கலந்து மிச்சம் பிடிப்பதற்குரிய விலை வேறுபாடும் முன்போல் பெரிதன்று. 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது நினைவிருக்கும். ஒரு பம்பைத் திருத்தும் செலவு, பல ஆண்டுகள் கலந்து பிடித்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

போத்தலில் அடைத்து விற்கும் கரிநீக்கி மருந்துகளையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். சீறுமுனையில் சிறிதளவு படிவு இருந்தால் சில மருந்துகள் அதைக் கரைக்கக்கூடும். தேய்ந்த சீறுமுனையையோ அடைத்த வடிகட்டியையோ எம்மருந்தும் குணப்படுத்தாது. வடிகட்டிக்குச் செலவிட்ட பின் கையில் பணம் மிஞ்சினால் வாங்கிப் பாருங்கள்.

வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை என்று எண்ணி, எஞ்சினின் நீர்ச்சூட்டை ஆளும் தேமோஸ்ரற் என்னும் உறுப்பைக் கழற்றிவிடும் வழக்கம் ஒன்றுண்டு. இது பெருந்தவறு. டீசல் எஞ்சின் தனக்குரிய சூட்டை, அதாவது நீர் 80 முதல் 90 பாகை வரையுள்ள நிலையை, விரைவில் அடைய வேண்டும். தேமோஸ்ரற் இல்லாத எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டிலேயே ஓடும். அரைச்சூட்டில் டீசல் அரைகுறையாக எரியும். எஞ்சின் ஒயில் விரைவில் கறுக்கும். எஞ்சின் கொதிக்கின்றதாயின் றேடியேற்றரைச் சுத்தம் செய்க, தேமோஸ்ரற்றைப் பழுதானால் மாற்றுக, கழற்றி எறியற்க.

புதிய வண்டிகளில் புகை வெளியே தெரிவதில்லை. கரி உள்ளே சேர்கின்றது. ஈ.ஜி.ஆர். வால்வு எனப்படுவது வெளிப்புகையிற் சிறிது பாகத்தை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்புவது. அப்புகையின் கரியும், எஞ்சினுள்ளிருந்து வரும் ஒயில் ஆவியும் சேர்ந்து, காற்றுப் பாதையில் தார் போலப் படியும். சில வண்டிகளில் டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டியும் உண்டு. அது கரியைப் பிடித்து வைத்து, போதிய சூடு கிடைக்கும்போது தானாகவே எரித்துச் சாம்பலாக்கும். போதிய சூடு என்பதே நம்மவர்க்கு இடர். உசனிலிருந்தோ கச்சாயிலிருந்தோ கொடிகாமம் சந்தைக்குச் சில கிலோமீற்றர் ஓடி, நிறுத்தி, திரும்ப ஓடும் வண்டி ஒருநாளும் அச்சூட்டை அடைவதில்லை. கரி சேர்ந்துகொண்டே போகும். எச்சரிக்கை விளக்கு எரியும். பின்னர் வண்டி இழுக்காது. எரிக்க முயன்று முயன்று இடையில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் டீசல் வீணாகின்றது. அதிற் சிறிது எஞ்சின் ஒயிலிலும் கலக்கின்றது. அளவுக் கம்பியில் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கக் கண்டால் ஐயுறுக.

இதற்குப் பரிகாரம் எளிது. கிழமைக்கு ஒருமுறையாவது கிளிநொச்சிப் பக்கமாக ஏ9 வீதியில் அரைமணி நேரம் நிறுத்தாமல், சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வேறு அலுவலோடு இணைத்துக்கொண்டால் தனிச் செலவுமில்லை. இவ்வகை வண்டிக்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலும், கைந்நூலிற் குறித்த சாம்பல் குறைந்த ஒயிலுமே உரியவை. பழைய பம்பு வண்டிக்கு ஓட்டோ டீசல் போதும். கூடிய விலை கொடுப்பதால் பெரிய நன்மை இல்லை. டி.பி.எஃப்.ஐ உடைத்து எடுத்துவிடுமாறு சிலர் சொல்வர். வண்டியின் கணினி அது இருப்பதாக எண்ணியே எண்ணெய் அளிக்கும். அக்கரியை உங்கள் பிள்ளைகள் சுவாசிப்பர்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012ஆம் ஆண்டு யூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதற் பிரிவில் சேர்த்தது. சந்தை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் பேரம் பேசிக்கொண்டு நிற்கும் வண்டிகளை நாள்தோறும் காண்கின்றோம். சிறிய டீசல் எஞ்சின் வெறுமனே நின்று ஓடினாலும் மணிக்கு ஏறக்குறைய அரை லீற்றர் குடிக்கும். அப்போது எஞ்சின் சூடு குறைந்து கரியும் கூடும். அக்கரி படிவது பக்கத்து வண்டியின் கீரைப்பிடியில். அதைச் சுவாசிப்பவர் சாக்குகளின் அருகே அமர்ந்திருக்கும் பெண்களும் சுமை தூக்குவோரும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதாயின் நிறுத்திவிடுங்கள்.

ஓட்டும் முறையிலும் கவனம் வேண்டும். உயர்ந்த கியரில் எஞ்சின் திணற, அக்சிலேற்றரை அடிவரை மிதிப்பதால் வேகம் கூடாது, புகையே கூடும். மிதித்த அளவுக்கு வண்டி முன்னே போகவில்லையாயின் ஒரு கியர் குறைக்க. சமதரையிலோ, எஞ்சின் திணறாத அளவில் உயர்ந்த கியரே நன்று. 60 கிலோமீற்றர் வேகத்தை 80 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடுகின்றது. இரண்டு சிலிண்டர் கொண்ட சிறு பட்டா வண்டிக்கு இது பெருஞ்சுமை. தறப்பாளை இறுக்கிக் கட்டுக; காற்றில் படபடக்கும் தறப்பாள் பின்னுக்கு இழுக்கும். ரயர்களுக்கு, வண்டிக் கதவருகே எழுதியுள்ள அளவின்படி, சுமைக்கேற்பக் காற்றடிக்க. இறாத்தல் கணக்கைக் கண்ணால் மதிப்பிட இயலாது, அளவுகருவியால் பார்க்க. பயணத்தின் முடிவில் நான்கு சில்லுகளின் நடுப்பாகத்தையும் கையால் நெருங்கிப் பாருங்கள். ஒன்று மாத்திரம் மிகச் சுட்டால் அதன் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கின்றது.

இவற்றிற் பயன் கிடைத்ததா என்பதை மனத்தால் மதிப்பிட வேண்டாம். ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியை முழுமையாக நிரப்பி, கிலோமீற்றர் எண்ணைக் குறிக்க. அடுத்த முறையும் அதே நிலையத்தில், அதே அளவு முழுமையாக நிரப்பி, ஊற்றிய லீற்றரைக் குறிக்க. இடையில் ஓடிய 270 கிலோமீற்றருக்கு 24 லீற்றர் சென்றதாயின், லீற்றருக்கு 11¼ கிலோமீற்றர். ஒருமுறை எடுத்த கணக்கை நம்பற்க. மூன்று நான்கு முறை சராசரி பார்க்க. சுமையோடு சென்றதையும் வெறுமையாகச் சென்றதையும் தனித்தனியே எழுதுக. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று அறிய இயலாது; இம்முறை காற்று வடிகட்டி, அடுத்த முறை ரயர் என ஒவ்வொன்றாகச் செய்க. பின்னொரு காலத்தில் எண் திடீரெனப் பத்தில் ஒரு பங்கு விழுந்தால், முதலில் ரயர் காற்றையும், அடுத்து எயர் பில்ரரையும், பின்னர் பிரேக்கையும் நீங்களே பாருங்கள். இம்மூன்றும் சரியாக இருந்தால் மாத்திரம், கொப்பியையும் எடுத்துக்கொண்டு பம்பு திருத்துபவரிடம் செல்லுங்கள்.